துப்பாக்கி நிழலில் வாக்கெடுப்பு

ஐயா,
உக்ரைனின் பகுதியாக இருந்த கிரிமியாவின் மக்கள் 2014-இல் வாக்களித்துத்தானே ரஷ்யாவில் சேர்ந்தார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். 1956-இல் எங்கள் பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தோடு நின்றபோது யாரும் எங்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை. அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. அதற்காக கிரிமியாவில் நடந்த வாக்கெடுப்பை ஒப்புக்கொள்ள முடியுமா? 2014 பிப்ரவரி 27-இல் சின்னமில்லாத சீருடையில் வந்த ரஷ்யப் படையினர் அங்கே நாடாளுமன்றத்தைப் பிடித்தார்கள். மே 25 என்றிருந்த வாக்கெடுப்பு மார்ச் 16-க்கு வந்தது. சீட்டில் இரண்டே வழி: ரஷ்யாவோடு சேர்வது, அல்லது உக்ரைனுக்குள்ளேயே கூடுதல் தன்னாட்சி தந்த கிரிமியாவின் 1992 அரசியல் சட்டத்துக்குத் திரும்புவது. இப்போதிருப்பதே போதும் என்பவர் எங்கே குத்துவார்? அந்த மண்ணின் பூர்வகுடிகளான தாத்தார் மக்களின் தலைவர்கள் புறக்கணித்தார்கள். அப்புறம் ரஷ்யாவோடு சேர 96 சதவீத வாக்காம்! எங்கள் எஸ்டேட் யூனியன் தேர்தலில்கூட அவ்வளவு விழாது. ஐ.நா. பொதுச்சபையில் 100 நாடுகள் அது செல்லாது என்றன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

- ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கர், வண்டிப்பெரியாறு