இசைக்கான கணினியில் வேகத்தைவிட நேரம் தவறாமை முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி வாங்க நினைப்பவர்களுக்காகத் தங்கள் நாளிதழ் அவ்வப்போது வெளியிடும் ஆலோசனைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். ப்ராசஸரின் வேகம், நினைவகத்தின் அளவு, திரையின் தரம், பேட்டரி தாங்கும் நேரம் ஆகியவற்றை வைத்து ஒரு கணினியை எடைபோடுவது அலுவலக வேலைக்கும் படிப்புக்கும் சரியாகவே இருக்கும். ஆனால் மின்னணு இசை அமைக்கவும் பாட்டைப் பதிவு செய்யவும் கணினி தேடுகிற இளைஞர்கள் அதே அளவுகோல்களை நம்பிப் பணத்தைச் செலவழித்துவிட்டு, முதல் பாட்டைப் பதிவு செய்ய உட்காரும் நாளில்தான் தேடிய இடமே தவறு என்று உணர்கிறார்கள். சொந்த அறையில் பல ஆண்டுகளாக இசைப்பதிவு செய்து வருகிறவன், புதிதாகத் தொடங்குகிற பலருக்குக் கணினியைத் தேர்ந்தெடுக்க உதவியவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தியதும் நடப்பதை முதலில் பார்ப்போம். அந்தக் கட்டளை, இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் பொது முறையான மிடி வழியாகக் கணினிக்குள் செல்கிறது. மென்பொருளுக்குள் இருக்கும் சிந்தசைசர் என்ற ஒலியாக்கி அதற்குரிய ஒலியைக் கணக்கிட்டு, மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக ஹெட்போனுக்கு அனுப்புகிறது. கணினி இந்த ஒலியைச் சொட்டுச் சொட்டாக அனுப்புவதில்லை. பஃபர் என்ற சிறு பாத்திரத்தில் மொண்டு மொண்டு ஊற்றுகிறது. விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை அளந்தெடுத்த துணுக்கு) என்ற அளவில் வேலை செய்கிறோம், பஃபரின் அளவு 256 சாம்பிள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பாத்திரத்துக்கு ஏறக்குறைய 5.3 மில்லி விநாடி ஆகும். பாடகரின் குரல் மைக் வழியாக உள்ளே வந்து, மென்பொருளைக் கடந்து, மறுபடி அவருடைய காதுக்குப் போய்ச் சேர உள்ளே ஒரு பாத்திரம், வெளியே ஒரு பாத்திரம், இன்டர்ஃபேஸ் எடுத்துக்கொள்ளும் நேரம் எல்லாம் சேர்ந்து 12 மில்லி விநாடியைத் தொட்டுவிடும். இதைத்தான் லேட்டன்சி என்கிறோம்.

காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்கிறது. அப்படியானால் 12 மில்லி விநாடி என்பது நான்கு மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டு வாசிப்பதற்குச் சமம். மெதுவாக எழுந்து பரவும் ஒலிகளை வாசிப்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. விரலால் பேடைத் தட்டித் தாளம் போடுகிறவருக்கோ ஒவ்வொரு தட்டும் சேற்றில் விழுவது போலிருக்கும். பாடுகிறவரின் பாடு இன்னும் கடினம். அவர் தம் குரலை மண்டையோட்டு எலும்பின் வழியாக உடனுக்குடன் கேட்டுக்கொண்டே, அதே குரலைச் சற்றுப் பிந்தி ஹெட்போனிலும் கேட்கிறார். இரண்டும் கலக்கும்போது குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஒலிக்கும். தம் தொண்டையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து நல்ல பாடகர்கள் தடுமாறியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பஃபரைச் சிறியதாக்கிவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். அங்கேதான் சிக்கலே தொடங்குகிறது. பாத்திரம் சிறியதாக ஆக, அதை அடிக்கடி நிரப்ப வேண்டும். 256 சாம்பிள் பஃபரிலேயே கணினி விநாடிக்கு 187 தடவைக்கு மேல் பாத்திரத்தை நிரப்பித் தர வேண்டும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 56,250 தடவை. அவற்றில் 56,249 தடவை நேரத்துக்கு முடித்துவிட்டு ஒரே ஒரு தடவை பிந்தினாலும் அந்த இடத்தில் 'டிக்' என்று ஒரு வெடிப்பொலி கேட்கும். அதுவே பதிவிலும் ஏறிவிடலாம். வீடியோவை மாற்றிக் கொடுக்கும் கணினி பத்து நிமிடத்தில் முடித்தால் போதும், நடுவில் எங்கே திணறியது என்று யாரும் கேட்கப் போவதில்லை. இசையில் அப்படி இல்லை. சராசரி வேகம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், வைஃபை கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருளோ மின்சாரச் சிக்கன ஏற்பாடோ ப்ராசஸரைச் சில மில்லி விநாடி பிடித்து வைத்துக்கொண்டால் அந்தக் கணினி பதிவுக்கு உதவாது. விளம்பரத்தில் அச்சாகும் எந்த எண்ணும் இந்தக் குணத்தைக் காட்டுவதில்லை என்பதே என் முதன்மையான ஆதங்கம்.

இதற்கு வரலாற்றிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியின் ப்ராசஸர் வேகம் 8 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் மிடி இணைப்புத் துளைகள் அதன் உடலிலேயே பொருத்தப்பட்டிருந்தன. வேறு வேலைகள் குறுக்கிடாததால் தாளம் பிசகாமல் கருவிகளை ஓட்டியது. இன்றும் புழங்கும் கியூபேஸ் என்ற இசை மென்பொருள் 1989இல் முதலில் வெளிவந்ததும் அந்தக் கணினியில்தான். அதைவிடப் பல மடங்கு வேகமான கணினிகள் வந்த பிறகும், நேரம் தவறாத அந்தப் பழைய பெட்டியை விட மனமில்லாமல் வைத்திருந்த இசைக்கலைஞர்கள் ஏராளம்.

இனி இயங்குதளங்களுக்கு வருகிறேன். ஆப்பிளின் மாக்கில் கோர் ஆடியோ என்ற ஒலி அமைப்பு இயங்குதளத்தின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. பெரும்பாலான யுஎஸ்பி இன்டர்ஃபேஸ்களைச் செருகிய உடனே வேலையைத் தொடங்கிவிடலாம். விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதை பாட்டுக் கேட்பதற்காக உண்டானது, பதிவுக்காக அல்ல. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் ஏசியோ என்ற டிரைவர் முறையைக் கொண்டுவந்தது. ஆகவே விண்டோஸில் இசை அமைக்கிறவர் கணினியை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதாது. நல்ல ஏசியோ டிரைவர் எழுதித் தருகிற நிறுவனத்தின் இன்டர்ஃபேஸையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே கணினியில் ஓர் இன்டர்ஃபேஸ் 64 சாம்பிள் பஃபரில் சுத்தமாக ஓடுவதையும், இன்னொன்று 512இல் கூடத் தத்தளிப்பதையும் காணலாம். லினக்ஸில் ஜாக், அண்மைக்காலமாகப் பைப்வயர் ஆகிய ஒலி ஏற்பாடுகள் உள்ளன. நேரக்கெடு தவறாத செயல்பாட்டுக்காகப் பல ஆண்டுகள் தனியே வளர்க்கப்பட்ட நிரல்தொகுப்பு லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் 2024இல் வெளிவந்த 6.12 பதிப்பில் முறைப்படி இணைக்கப்பட்டது. கணினியின் உள்வேலைகளைத் தாமே கவனித்துக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு லினக்ஸ் இன்று உண்மையான மாற்றுவழி. ஆனால் தனி டிரைவர் கேட்காத யுஎஸ்பி இன்டர்ஃபேஸாகப் பார்த்து வாங்க வேண்டும். விரும்பும் பிளக்-இன்கள், அதாவது இசை மென்பொருளுக்குள் சேர்த்து ஓட்டும் துணைநிரல்கள், லினக்ஸுக்கு இருக்கின்றனவா என்பதையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

யாராவது என் கருத்தை நேராகக் கேட்டால், உள்வேலைகளில் நாட்டமில்லாமல் இசையில் மட்டும் மூழ்க நினைப்பவருக்கு மாக் என்றும், கருவிகளைத் தாமே தேடிப் பொருத்தி, பின்னாளில் நினைவகத்தையும் டிஸ்கையும் கூட்டிக்கொள்ள விரும்புகிறவருக்கு விண்டோஸ் மேசைக்கணினி என்றும் சொல்வேன். ஆயினும் அந்த முடிவுக்கு முன்னால் தீர்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எந்த மென்பொருளில் இசை அமைக்கப் போகிறோம் என்பதே அது. லாஜிக் மென்பொருள் ஒரு காலத்தில் விண்டோஸிலும் கிடைத்தது. 2002இல் அதை உருவாக்கிய இமேஜிக் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கிய பிறகு விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டது; அதை நம்பியிருந்தவர்கள் கணினியை மாற்றினார்கள் அல்லது மென்பொருளை மாற்றினார்கள். எஃப்எல் ஸ்டுடியோ நீண்டகாலம் விண்டோஸுக்கு மட்டுமே உரியதாக இருந்து, 2018இல்தான் மாக்குக்கும் முறையாக வந்தது. ஏபில்டன் லைவ் இவ்விரண்டிலும் ஓடும். ரீப்பரும் பிட்விக்கும் லினக்ஸ் உட்பட மூன்றிலும் ஓடும். பிளக்-இன் வடிவங்களிலும் இதே கதைதான். ஆடியோ யூனிட் வடிவம் ஆப்பிள் கருவிகளுக்கு வெளியே செல்லாது. விஎஸ்டி என்ற இன்னொரு வடிவம் எல்லா இடத்திலும் உண்டு, ஆனால் லாஜிக் அதை ஏற்காது.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது இதுதான்: உங்களோடு சேர்ந்து இசை அமைக்கப் போகிற நண்பர் எந்த மென்பொருளில் வேலை செய்கிறார் என்று முதலில் பாருங்கள். நடு இரவில் ஒரு டிராக் (பாட்டின் ஒரு தனி ஒலிவரிசை) ஒலிக்காமல் போனால் யாரிடம் கேட்பீர்கள்? அவர் திரையில் இருக்கும் அதே பொத்தான்கள் உங்கள் திரையிலும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தீரும். இல்லாவிட்டால் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டியதுதான். பெரும்பாலான மென்பொருள்களுக்குச் சோதனைப் பதிப்பு உண்டு. இப்போது கைவசம் இருக்கும் பழைய கணினியிலேயே ஒரு மாதம் பழகிப் பார்த்துவிட்டு, பிறகு இன்டர்ஃபேஸையும் கடைசியாகக் கணினியையும் முடிவு செய்யலாம்.

இந்த வரிசையை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் ஓர் இன்டர்ஃபேஸை வைத்துப் பல ஆண்டுகள் பதிவு செய்தேன். எட்டு மைக் உள்ளீடுகள் கொண்ட உறுதியான கருவி; இன்றுவரை அதில் ஒரு குமிழ்கூடப் பழுதாகவில்லை. கணினி பழசாகிவிட்டது என்று புதியதை வாங்கிய பிறகு பார்த்தால் அந்த இணைப்புக்கான துளையே அதில் இல்லை. இடைக்கம்பிகளை வாங்கி ஒருவழியாக இணைத்தேன். கருவியின் விளக்கு எரிந்தது. மென்பொருள் அதைக் கண்டுகொள்ளவில்லை. தயாரித்த நிறுவனத்தைத் தொடர்புகொண்டபோது, அந்த மாதிரிக்கு இனி டிரைவர் எழுதப் போவதில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதைவிட வலித்தது அடுத்து நடந்தது. பழைய பாடல் ஒன்றின் கோப்பைப் புதிய கணினியில் திறந்தேன். டிராக்குகளின் பெயர்களும் நிறங்களும் அப்படியே இருந்தன. மிடி ஸ்வரங்கள் கட்டம் கட்டமாக வரிசையில் நின்றன. பிளே அழுத்தினால் பாதி டிராக்குகளில் சத்தமே இல்லை, ஏனெனில் அவற்றை ஒலிக்கச் செய்த சிந்தசைசர் பிளக்-இன் புதிய இயங்குதளத்தில் ஓடவில்லை. நான் மணிக்கணக்கில் திருகிச் செதுக்கிய அந்த ஒலியை இன்றுவரை என்னால் மீட்க முடியவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல, எந்தத் தளத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கும் ஒருநாள் நேரக்கூடியது. 2019இல் வந்த மாக் கேடலினா 32 பிட் மென்பொருள்களை முற்றிலும் கைவிட்டது. 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறியபோது பல பிளக்-இன்கள் புதுப்பிக்கப்படும்வரை, பழைய நிரலைப் புதிய சில்லுக்கு ஏற்ப மாற்றித் தரும் இடைமொழிபெயர்ப்பின் துணையோடு ஓட வேண்டியிருந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிவடைந்தது. எனவே ஒரு பாடல் முடிந்த அன்றே ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து தொடங்கும் தனித்தனி வேவ் கோப்பாகப் பவுன்ஸ் செய்து (அதாவது ஒலியாகவே பதிந்து), மிடிக் கோப்போடும் தாள வேகத்தின் குறிப்போடும் சேர்த்து வைத்துவிட வேண்டும். விநாடிக்கு 48,000 சாம்பிள், 24 பிட் என்ற தரத்தில் ஒரு மோனோ டிராக்குக்கு நிமிடத்துக்கு 8.64 மெகாபைட்தான் ஆகும்; இருபது டிராக்குகள் கொண்ட ஐந்து நிமிடப் பாட்டு ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும். இந்தப் பழக்கம் உள்ளவர் எந்தத் தளத்திலிருந்தும் எந்தத் தளத்துக்கும் பயமில்லாமல் மாறலாம். 1983இல் புழக்கத்துக்கு வந்த மிடியை இன்றைய கணினிகள் அனைத்தும் புரிந்துகொள்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

மற்ற அளவுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பதிவு செய்யப்பட்ட வாத்திய ஒலிகளை ஏராளமாகப் பயன்படுத்துகிறவருக்கு 32 ஜிபி நினைவகம் இருந்தால் நல்லது. சிந்தசைசர்களை மட்டும் நம்புகிறவருக்கு 16 ஜிபி தாராளம். மைக் இருக்கும் அறையிலேயே கணினியும் இருக்குமானால் மின்விசிறியின் இரைச்சலைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் மெல்லப் பாடும் குரலின் பின்னால் அந்த 'உஸ்' ஒலி ஏறிக்கொண்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை கணினிகளை ஒப்பிட்டு எழுதும்போது, இசை அமைக்கிறவர்களுக்கென ஒரு சிறு சோதனையையும் தங்கள் செய்தியாளர்கள் செய்து வெளியிட வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேஸை இணைத்து, பஃபரை 128 சாம்பிளில் வைத்து, வைஃபையை அணைக்காமல், பத்து சிந்தசைசர் டிராக்குகளை அரைமணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, ஹெட்போனில் எத்தனை வெடிப்பொலிகள் கேட்டன என்பதை எண்ணிக் குறித்தால் போதும். விண்டோஸ் கணினிகளில் எந்த டிரைவர் இடையூறு செய்கிறது என்பதை லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருள் பெயரோடு காட்டிவிடும். அதே கணினியை மின்இணைப்பில் ஒருமுறையும் பேட்டரியில் ஒருமுறையும் சோதித்து, இரண்டு எண்ணிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால், மேடையில் மடிக்கணினியை வைத்து வாசிக்கப் போகிறவர்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்