சிவிஎஸ் வரலாற்றை கிட்டுக்குக் கொண்டுவர நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

தமிழன்னை அருளால் பழைய எழுத்துமுறைகளில் உள்ள தமிழ்க் கோப்புகளை மாற்றித் தரும் நம் எழுத்துரு மாற்றி மென்பொருள் 2001 முதல் இன்றுவரை தடங்கல் இல்லாமல் நடந்துவருகிறது. அதன் மூலநிரல் இருக்கும் சர்வர் வரும் மார்ச் 31 அன்று நிற்கப்போகிறது. இத்தனை ஆண்டுகள் இலவசமாக இடம் கொடுத்த கல்லூரி அந்தப் பழைய இயந்திரத்தைக் கழிக்கிறது. அவர்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நிரலில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்ற வரலாறு சிவிஎஸ் என்ற பழைய மென்பொருளில் பதிவாகியிருக்கிறது. அதற்குள் அந்த வரலாறு முழுவதையும் பத்திரமாக எடுத்து, அதே வேலையைச் செய்யும் புதிய மென்பொருளான கிட்டுக்கு மாற்றும் வேலையைத் தொடங்கியாக வேண்டும். கையில் இருக்கும் பணம் போதவில்லை.

1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்கள், அதாவது எழுத்துகளைக் கணினியில் எண்களாக வைக்கும் முறைகள், வந்தன. திஸ்கி என்ற இன்னொரு குறியேற்றம் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. ஒரு முறையில் ஒருவர் எழுதிய மடல், வேறு முறை வைத்திருக்கும் இன்னொருவர் கணினியில் புரியாத குறிகளாக நிற்கும். அந்தக் காலத்தில்தான் நம் மூத்தவர்கள் வேலை முடிந்து வந்து, வீட்டில் யாரும் போன் பேசாத நேரமாகப் பார்த்து, தொலைபேசி வழியே இணையத்தில் சேரும் டயல்-அப்பில் ஒவ்வொரு கோப்பாக ஏற்றினார்கள். ஒரு பைசா வாங்கியதில்லை. இன்று எல்லாருக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றத்தில் சுகமாகத் தட்டச்சு செய்பவர்களுக்கு அந்த உழைப்பு தெரியாது. தெரியப்படுத்துவது நம் பொறுப்பு.

‘இப்போதைய நிரலை மட்டும் எடுத்துப் போட்டால் போதாதா’ என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. நிரலில் ‘ஸ்ரீ’யைத் தனியாகக் கவனிக்கும் ஒரு வரி இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அது வீண் என்று நீக்கப் பார்த்தார். பழைய கமிட் குறிப்பை, அதாவது மாற்றத்தைப் பதிந்தபோது எழுதிவைத்த குறிப்பை, திறந்த பிறகுதான் புரிந்தது: 2005இல் யூனிகோட் 4.1 ‘ஶ’வைச் சேர்த்ததால், அதே ஸ்ரீயை ‘ஸ’ வைத்தும் எழுதலாம், ‘ஶ’ வைத்தும் எழுதலாம் என்று ஆகிவிட்டது. குறிப்பு இல்லாவிட்டால் வரி போயிருக்கும்.

வேலை சுலபமானதல்ல. சிவிஎஸ் ஒவ்வொரு கோப்பின் வரலாற்றையும் தனித்தனியாக வைக்கும். ஒரே மாற்றத்தில் 14 கோப்புகளைத் தொட்டிருந்தால் 14 பதிவுகள் சிதறிக் கிடக்கும். எழுதியவர், குறிப்பு, நேரம் மூன்றையும் ஒப்பிட்டுத்தான் ஒரே கமிட்டாகக் கோக்க முடியும். அப்புறம், தொடக்க ஆண்டுகளின் குறிப்புகள் எல்லாம் திஸ்கியில் இருக்கின்றன. திஸ்கியில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யூனிகோடில் ‘க’ முதலில் வர வேண்டும். அதனால் வரிசையையும் மாற்றியாக வேண்டும். மாற்றங்களைச் செய்தவர்களின் பழைய பயனர்பெயர்கள் 31. அவற்றில் 9 யாருடையவை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுதள மென்பொருள் 2010இல் சிவிஎஸ்ஸை விட்டு கிட்டுக்கு வந்தது. நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் ஜிசிசி 2020இல், சிவிஎஸ் போன்ற சப்வெர்ஷனில் இருந்து வந்தது. இருவரும் பழைய வரலாற்றைக் கையோடு கொண்டுவந்தார்கள்.

திருமழபாடிக் கோயிலைப் பிரித்துக் கட்ட ராஜராஜன் ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளை முதலில் படியெடுக்கச் செய்தான். மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை மறுபடி கல்லில் ஏறின. இப்படிப் படியெடுத்த கல்வெட்டுகளில் ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று, அதாவது பழைய கல்வெட்டின் படி என்று, பொறிப்பார்கள். கிட்டில் நிரலும் வரலாறும் இருக்கப்போகும் புது ரெப்போவின் முதல் பக்கத்தில் இந்த வரியைப் போடக் குழு முடிவு செய்திருக்கிறது.

சரி, கணக்கு. மாற்றும் வேலைக்குப் பத்து வாரம் ஒருவரை அமர்த்த ரூ.1,60,000. பழைய சிடிகள், பழுதான ஹார்ட் டிஸ்க் இரண்டு ஆகியவற்றை மீட்க ரூ.38,000. ஐந்து ஆண்டுக்குச் சொந்த சர்வரும் காப்புப்படிகளும் ரூ.52,000. மொத்தம் ரூ.2,50,000. வந்தது ரூ.1,46,500. துண்டு விழுவது ரூ.1,03,500.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆறு ஆண்டுகளாக மாதம் தவறாமல் பென்ஷனில் ரூ.500 அனுப்புகிறார். சிங்கப்பூரில் இருந்து ஓர் அம்மா, மகளின் பிறந்தநாள் செலவைக் குறைத்து ரூ.20,000 கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்து மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து ரூ.3,000 அனுப்பி, குறைவாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டு எழுதினார்கள். தம்பிகளே, அது குறைவே இல்லை. அச்சகம் நடத்தும் அண்ணன் ஒருவர், பெயர் போட வேண்டாம் என்று சொல்லி, இரண்டு முறை கொடுத்திருக்கிறார். இவர்கள் குடும்பங்கள் நீடூழி வாழ இறைவனை வேண்டுகிறோம்.

மனம் நோகாமல் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மென்பொருளால் பழைய கோப்புகளை மாற்றிப் பத்திரிகை நடத்தியவர்கள், புத்தகம் போட்டவர்கள் பலர். பாதிப் பேர் ஒரு ரூபாயும் தந்ததில்லை. தூரத்து உறவு கல்யாணத்துக்குக்கூட மொய் எழுத மறக்காத நாம் இதை மறக்கலாமா?

மார்ச் 10க்குள் பணம் வந்தால்தான் ஆளை அமர்த்த முடியும். பொருளாளர் எண் உங்கள் எல்லாரிடமும் இருக்கிறது. அனுப்பியதும் ஒரு வரி எழுதுங்கள். அன்றே ரசீது வரும். அந்த 9 பயனர்பெயர்களில் ஏதாவது உங்களுடையதாக இருந்தால், பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெயரையாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குழுவினர்