நான்கு மணிக்கு மேல் தேநீர் குடிக்காத பாட்டி: திருவருகைக் கால வேண்டுகோள்

கேரளத்துத் தேயிலை மலையில் உள்ள வண்டிப்பெரியாறு, பீர்மேடு வட்டாரத்துத் தமிழ்ப் பங்கு (கோவில் சமூக) மக்களுக்கும், பிழைப்புக்காகக் கம்பம், தேனி, கோட்டயம், வளைகுடா என்று போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும், எந்தச் சமயத்தவராயினும் இந்த மலையோடு உறவுள்ள அனைவருக்கும் எங்கள் குழுவின் வணக்கம்.

சென்ற ஆண்டுத் திருவருகைக் காலத்தில், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களில், நாங்கள் கம்பளி சேகரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் தாராளமாகக் கொடுத்தீர்கள். மார்கழிக் குளிருக்கு முன்பே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் ஏறி இறங்கிக் கொடுத்து முடித்தோம். கடைசி நாளன்று ஒரு பழைய லயத்தின் கோடி வீட்டுக்குப் போனோம். முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய பாட்டி ஒருவர் அங்கே படுத்திருந்தார். பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் விழுந்துவிட்டது. நாங்கள் நீட்டிய கம்பளியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொன்னார். அங்கே ஏற்கெனவே மூன்று கம்பளிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

எங்களில் ஒருவர் தயங்கித் தயங்கி, "பாட்டி, உங்களுக்கு உண்மையாகவே என்ன வேண்டும்?" என்று கேட்டார். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "நான்கு மணிக்கு மேல் நான் தேயிலைத் தண்ணீர் குடிப்பதில்லை, ஐயா" என்றார். கழிப்பறை வெளியே, பன்னிரண்டு படி இறங்கிப் போகும் இடத்தில் இருக்கிறது. மகள் வேலையிலிருந்து வரும்வரை தூக்கிப் போக ஆளில்லை. இரவில் அவளை எழுப்பவும் மனம் வருவதில்லை. வாழ்நாளெல்லாம் ஊருக்குத் தேயிலை பறித்துக் கொடுத்தவர், நடுங்கும் குளிரிலும் ஒரு வாய் தேநீர் குடிக்க அஞ்சிக் கிடந்தார். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் பெறும் ஒரு கமோடு நாற்காலி (உட்கார்ந்தபடியே மலசலம் கழிக்க உதவும் நாற்காலி) கட்டிலருகே இருந்திருந்தால் அந்த அச்சம் இருந்திருக்காது. அவரிடம் நான்கு கம்பளிகள் இருந்தன.

கம்பளி கொடுத்தது தவறு என்று சொல்லவில்லை. கேட்காமல் கொடுத்தது எங்கள் தவறு. அதைத் திருத்திக்கொள்ளவே இந்த ஆண்டு முழுவதும் நடந்தோம். அன்பிய (பங்கின் அண்டை வீட்டுச் செபக் குழு) இளைஞர்களும் தாய்மார்களும் படுக்கையில் கிடக்கும் முப்பத்தொரு பேரின் வீடுகளுக்குப் போய், கையில் எதையும் எடுத்துச் செல்லாமல், உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார்கள். இந்த வேண்டுகோள் அவர்கள் சொன்னதிலிருந்து பிறந்தது.

வலி தணிக்கும் சிகிச்சையில் கேரளம் இந்தியாவுக்கே வழிகாட்டி. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறிய மருத்துவமனைப் பிரிவாகத் தொடங்கியது, தன்னார்வலர்களின் கைகளால் ஊர் ஊராகப் பரவியது. 2008-இல் நாட்டிலேயே முதன்முதலாக இதற்கென ஒரு கொள்கையை அறிவித்ததும் இந்த மாநிலம்தான். இந்தச் சிகிச்சை தரும் பாலியேட்டிவ் நர்ஸ் நம் லயங்களுக்கும் வருகிறார்; புண்ணைச் சுத்தம் செய்து, குழாய் மாற்றி, மருந்து கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் போன பிறகு வரும் நாட்கள்தான் நம் பொறுப்பு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு மருத்துவ வசதியைத் தோட்டத்தின் கடமையாக்கியது. ஆனால் 2000-ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது தோட்டத்து ஆஸ்பத்திரியும் சேர்ந்து போயிற்று. கோட்டயம் மருத்துவக் கல்லூரி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மருந்துச் சீட்டிலும் படிவத்திலும் இருக்கும் மலையாளம் நம் பெரியவர்களுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் நர்ஸோடு நம் பிள்ளை ஒருவர் போவதே பெரிய உதவி என்று பல வீடுகளில் சொன்னார்கள். அதற்குப் பணம் தேவையில்லை, ஆள்தான் தேவை. மலையாளம் படிக்கத் தெரிந்த கல்லூரி மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை தந்தால் போதும்.

பணம் தேவைப்படுவது எதற்கென்று சொல்லிவிடுகிறோம். பன்னிரண்டு கமோடு நாற்காலிகளுக்கு 42,000 ரூபாய். எட்டுக் காற்று மெத்தைகளுக்கு 32,000. தண்ணீர் மெத்தை மலிவாகக் கிடைக்குமே என்று சிலர் அன்போடு யோசனை சொன்னார்கள். சமவெளியில் அது சரி. நம் மலைக்குளிரில் அந்தத் தண்ணீர் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும், படுத்திருப்பவர் விறைத்துப்போவார். மின்சாரம் நின்றால் காற்று மெத்தையும் நாளாவட்டத்தில் இறங்கிவிடும் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்து வருகிறோம். படுக்கைப்புண் வராமல் காப்பது அந்தப் புரட்டல்தான். மெத்தை அதற்குத் துணை. லயத்துப் படிகளில் சக்கர நாற்காலி உருளாது. இதுவரை போர்வையில் கிடத்தி நான்கு பேர் தூக்கிக்கொண்டுதான் ரோட்டுக்கு வருகிறார்கள். ஆகவே தூக்கிச் செல்லும் நாற்காலிகள் இரண்டு, 18,000 ரூபாய். வாரம் ஒரு நாள் ஜீப் வாடகை 1,800 வீதம் ஓராண்டுக்கு 93,600.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, யாரும் கொடுக்க நினைக்காத ஒரு பொருளுக்கு ஆகிறது: பெரியவர்களுக்கான டயப்பர். ஆறு பேருக்கு, நாளுக்கு இரண்டு வீதம், ஒன்று நாற்பது ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,75,200 ரூபாய். இதைப் பலிபீடத்தருகே நின்று அறிவிக்கக் கூச்சமாக இருக்கிறது என்று குழுவிலேயே ஒருவர் சொன்னார். அம்மாவின் ஈரத் துணியை மழைக்காலத்தில் காயவைக்க இடமின்றி அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு மகளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அவரே மனம் மாறி, தாமே அறிவிப்பதாக முன்வந்தார். மொத்தம் 3,60,800 ரூபாய் வேண்டும்.

நம் பெரியவர்கள் மூன்று புண்ணியங்களை விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மனப்பாடம் செய்தார்கள். இன்றைய திருவிவிலியத்தில் அது நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று இருக்கிறது. எதிர்நோக்கு என்ற சொல் எங்களுக்கு மிகவும் பிடிக்கும். அதற்குள் ஒரு பார்வை இருக்கிறது. வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் இருக்கிறது. நாங்கள் போன வீடுகளில் எல்லாக் கட்டில்களும் வாசலைப் பார்த்தே கிடந்தன. 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஷர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டு நச்சரித்த சிறுவர்களுக்காக ஒரு சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். நம் பீடத்தில் நான்கு திரிகளோடு இருக்கும் வளையத்தின் பிறப்பு அதுதான். காத்திருப்பவர்களுக்கு நாள் எண்ணத் தெரிய வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். நம் லயங்களிலும் நாள் எண்ணுகிறார்கள், நர்ஸ் வரும் நாளை.

இந்த ஆண்டுத் (2025) திருவருகைக் காலம் நவம்பர் 30 அன்று தொடங்குகிறது. டிசம்பர் 14, மூன்றாம் ஞாயிறு, ரோஜா நிறத் திரி ஏற்றும் மகிழ்ச்சி ஞாயிறு. அன்றைய முதல் வாசகத்தில், தளர்ந்த கைகளுக்கும் தள்ளாடும் முழங்கால்களுக்கும் வலுவூட்டுங்கள் என்று இறைவாக்கினர் எசாயா சொல்கிறார். நற்செய்தியிலோ சிறையில் கிடக்கும் திருமுழுக்கு யோவான், வரவேண்டியவர் நீர்தாமா என்று இயேசுவிடம் ஆளனுப்பிக் கேட்கிறார். எழுந்து போய்ப் பார்க்க முடியாதவரின் கேள்வி அது. ஆகவே அந்த ஞாயிற்றின் காணிக்கை முழுவதையும் இந்தப் பணிக்குக் கொடுக்கப் பங்குப் பேரவை இசைந்திருக்கிறது.

அதற்கு முன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். கடன் வாங்கிக் கொடுக்க வேண்டாம். நாட்கூலியில் வாழும் குடும்பம் ஒரு நாள் டயப்பருக்கான எண்பது ரூபாயைக் கொடுத்தாலும் அதற்கும் ரசீது உண்டு. பெயரைப் பலகையில் எழுத மாட்டோம். உதவி பெறுபவரின் படத்தை எடுத்து எங்கும் அனுப்பவும் மாட்டோம். கணக்கு மாதந்தோறும் கடைசி ஞாயிறன்று கோவில் வாசலில் ஒட்டப்படும். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாக இருந்தால், தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதை வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 தடுப்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர்கள் பொறுத்தருள வேண்டும். அதற்கான பதிவு எங்களிடம் இல்லாததால் அவர்களின் பணத்தை வாங்க இயலாது. அவர்கள் ஊருக்கு வரும்போது எங்களோடு ஒரு சனிக்கிழமை ஜீப்பில் வரலாம்.

பங்கு அலுவலகம் தினமும் மாலை ஐந்திலிருந்து ஏழு மணி வரை திறந்திருக்கும். வீட்டில் ஒருவர் இறந்தபின் பயன்படாமல் கிடக்கும் வாக்கர், கமோடு நாற்காலி, பிரிக்காத டயப்பர் கட்டு இருந்தால் சொல்லியனுப்புங்கள். பார்க்கவே மனம் தாங்காமல் மூலையில் துணி போட்டு மூடி வைத்திருப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். நீங்கள் அதைத் தொடவோ துடைக்கவோ வேண்டாம். நாங்களே வந்து எடுத்துப் போய்க் கழுவிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நன்கொடைக் குழுவினர்