மாலத்தீவில் பணிபுரியும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. அத்தை மகன் வந்திருந்தபோது நீ போட்டிருந்த ஒரு படத்தைத் தன் போனில் காட்டினான். கடல்மேல் கட்டிய அறையின் படிக்கட்டில், தோளில் துண்டோடு நிற்கும் அந்த நடிகரின் பக்கத்தில் நீ சீருடையில் நிற்கிறாய். மறுநாள் அம்மாவுக்குக் காட்டச் சொன்னேன். படம் இப்போது அங்கே இல்லை என்றான். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு உன் அழைப்பு வரவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

சீருடை உனக்கு மிகவும் பொருத்தமாக இருந்தது. எத்தனை பெரியவர் பக்கத்தில் நின்றாலும் குனியாமல் நிற்க வேண்டும் என்று நான் சொன்னதை நீ மறக்கவில்லை.

சென்னை கதீட்ரல் சாலையில், காரில் அமர்ந்தபடியே சாப்பிடும் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தில் நான் சேர்ந்தபோது, 1962இல் அது திறந்த காலத்திலிருந்தே அங்கிருந்த மூத்த சர்வர் ஒருவர்தான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். கார் கதவில் தட்டை மாட்டும்போது உள்ளே இருப்பவரின் முகம் ஒரு முழ தூரத்தில் இருக்கும். கண்ணை இட்லியிலும் சாம்பாரிலும் வைத்துக்கொள் என்பார். மார்கழியில் மியூசிக் அகாடமியில் கச்சேரி முடித்த வித்வான்கள் ஜரிகை வேட்டியோடு காரிலேயே அமர்ந்து காபி கேட்பார்கள். தொண்டை களைத்திருப்பவரிடம் ராகத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுக்காமல் காபியைச் சூடு ஆறாமல் கொண்டுபோய்க் கொடுப்பதே நாங்கள் செய்த மரியாதை. 1980களில் ஒரு நடிகை, படம் ஓடவில்லை என்ற செய்தி வந்த மாலை, முகத்தில் அரிதாரம் கலையாமல் மரத்தடியில் காரை நிறுத்தி வெகுநேரம் அழுதுகொண்டிருந்தார். வேறு யாரும் அந்தப் பக்கம் போகாமல் நான் பார்த்துக்கொண்டேன். மறுநாள் ஒரு பத்திரிகைக்காரர் வந்து விசாரித்தபோது, அந்தப் பக்கம் எனக்கு வேலையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பெயரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. 2008இல் டிரைவ்-இன்னை மூடியபோதும் யார் யார் வந்தார்கள் என்று பலர் கேட்டார்கள். இன்று செம்மொழிப் பூங்காவாகிவிட்ட அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம், அவர்கள் எங்களை நம்பித்தானே கண்ணாடியை இறக்கினார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நீ இருக்கும் இடத்தில் ஒரு தீவுக்கு ஒரே விடுதி. வெளியாள் கண் படாமல் இருக்கத்தான் அவ்வளவு பணம் கொடுத்து அங்கே வருகிறார்கள். விருந்தினரே அழைத்தாலொழியப் படம் எடுக்காதே. அழைத்தே எடுத்திருந்தாலும், வெளியே போடுவதற்கு முன் மேலாளரிடம் கேள். உனக்குத் தெரியாததா, ஆனாலும் சொல்கிறேன்: அவர்கள் யாரோடு வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதை உன் அறை நண்பர்களிடம்கூடப் பேசாதே. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் உன் அக்கா, அந்தப் படத்தை இன்னும் நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறாள், அவளிடமும் சொல்லிவிட்டேன்.

தம்பி, அதற்காக உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார்களா? வேலையில் இருக்கிறாயா? திருப்பி அனுப்புவதாகச் சொல்லியிருந்தால் அதை எங்களிடம் மறைக்க வேண்டாம். உணவகத்தில் தட்டு எடுத்தவன் பிள்ளைக்குத் தட்டு எடுக்கும் வேலை எங்கும் கிடைக்கும். நீ அதை நன்றாகச் செய்கிறவன். இந்த மாத வீட்டுக் கடன் தவணையை நான் கட்டிவிட்டேன், அடுத்த மாதத்துக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறேன். விமான டிக்கெட்டுக்கு யாரிடமும் கைநீட்டாதே. தொகையைச் சொன்னால் அன்றே அனுப்புகிறேன். என்னோடு பேசக் கூச்சமாக இருந்தால் அத்தை மகனுக்காவது இன்று இரவுக்குள் ஒரு வரி எழுதிவிடு.

இப்படிக்கு,
அப்பா