செகண்ட் சர்வ்

தம்பிக்கு,

சாப்பிட்டாயா? அம்மா கேட்கச் சொன்னாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் மட்டும் வருகிறது, ஃபோன் போட்டால் நீ டென்னிஸ் ஆடப்போன ஊரில் மணி என்ன இங்கே மணி என்ன என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது, அதனால்தான் மெயில். மெதுவாகப் படி. பதில் அவசரமில்லை.

வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டு கிரகப்பிரவேசம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், "140 கோடிப் பேரில் டென்னிஸுக்கு ஒருத்தன்கூடவா கிடைக்கவில்லை? செஸ்ஸில் பாருங்கள், நம்ம குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன்" என்றார். ரசம் வரும்வரை பொறுமையாக இருந்தேன். அப்புறம் ஆரம்பித்தவன்தான், மோர் வந்து போனதுகூடத் தெரியவில்லை என்று அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

140 கோடி என்பது ஒரு கணக்கா? கோர்ட்டில் கால் வைக்கிற பிள்ளைகள் எத்தனை பேர், அதில் பதினாலு வயதுக்கு மேலும் வைக்கிறவர்கள் எத்தனை பேர், அதுதானே கணக்கு. தோள் உரமேறி ஆட்டம் வளர வேண்டிய அதே வயதில்தான் நம்மூரில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வருகின்றன, ராக்கெட் பரண்மேல் ஏறுகிறது. அதையும் தாண்டி வந்தவனுக்கு என்ன கிடைக்கிறது? தொழில்முறை டென்னிஸின் கீழ்ப்படியான பதினைந்தாயிரம் டாலர் போட்டி என்றதும் ஜெயிப்பவனுக்கு அத்தனையும் என்று நினைத்துக்கொண்டார் அவர். அது எல்லோருக்கும் சேர்த்து மொத்தப் பரிசு, முதல் சுற்றில் தோற்றால் கையில் நூற்றைம்பது டாலர் சொச்சம், ஜெயித்தால் ஒரே ஒரு பாயிண்ட், கோப்பையே வாங்கினாலும் 15 பாயிண்ட்தான், கிராண்ட் ஸ்லாமில் நேராக நுழைய ரேங்க் நூறை ஒட்டி இருக்க வேண்டும் என்றேன். அப்பளத்தைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

இத்தாலியைச் சொன்னேன். அங்கே இந்தச் சின்னப் போட்டிகளும் அதற்கு மேல்படியான சேலஞ்சர்களும் ஏராளம். அந்த ஊர்ப் பையன் திங்கட்கிழமை தோற்றால் ரயில் பிடித்து ராத்திரி அம்மா கையால் சாப்பிடுவான். உலக நம்பர் ஒன் வரை போன இத்தாலிக்காரர் சின்னர்கூட 13 வயதில் வீட்டை விட்டுப் பயிற்சிக்குப் போனவர்தான், ஆனால் அதே நாட்டுக்குள். நம் பையன் துனிசியாவின் மொனாஸ்டிரில் தோற்றால் அடுத்த வார டிராவுக்காக, அதாவது யாரோடு யார் என்கிற பட்டியலுக்காக, ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஐரோப்பாவுக்குள் போகலாம் என்றால் ஷெங்கன் விசாவுக்குத் தேதி கிடைப்பதற்குள் போட்டியே முடிந்துவிடும். கோச், பிசியோ எல்லாம் யாருக்கு? இவன் துணியை இவனே துவைத்து, வலிக்கிற காலுக்கு இவனே ஐஸ் வைத்துக்கொண்டு...

"உங்க பையன் இப்போ எங்கே ஆடறான்?" என்று அவர் கேட்டார். துனிசியாவில், நன்றாக ஆடுகிறான் என்றேன். சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

நான் எதையும் கேட்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் ஐடிஎஃப் தளத்தில் டிரா பார்க்கிற என் பழக்கம் உனக்குத் தெரியும். உன் பெயர் இல்லாத இந்த ஏழு வாரமாகவும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவ்வளவுதான். ராக்கெட் ஸ்ட்ரிங் செலவைப் பார்க்காதே. செத்துப்போன ஸ்ட்ரிங்கில் அடித்தால் முழங்கை போய்விடும், அப்புறம் மிச்சம் பிடித்த காசெல்லாம் டாக்டருக்குத்தான்.

ரேங்கிங்கில் உன் பெயர் முதல்தடவை வந்ததே, அம்மா அதைப் பிரிண்ட் எடுத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாளே, இன்னும் இருக்கிறது. எண்ணெய் பட்டு எண் தெரியவில்லை, பெயர் மட்டும் தெரிகிறது. வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறாள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று எப்போது சொன்னேன். ஆனால் ஒன்று. சுமித் நாகல் 2023 செப்டம்பரில், இந்தியாவின் நம்பர் ஒன் ஆட்டக்காரராக இருந்தபோதே, பேங்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். நாலே மாதத்தில் ஆஸ்திரேலிய ஓபனில் 31-ஆம் சீட் பப்ளிக்கைத் தோற்கடித்தார், 2024 ஜூலையில் 68-ஆம் இடம். சொன்னதால் அவருக்கு என்ன குறைந்துவிட்டது? அவர் ஊருக்கே சொன்னார், நீ பெற்ற அப்பனிடம் சொல்லமாட்டேன் என்கிறாய். முழங்காலா, காசா, மனசா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. நம்ம சென்னைப் பையன் பிரஜ்னேஷ் முழங்கால் எலும்பு விரிசலில் வருஷக்கணக்கில் ஆடமுடியாமல் கிடந்து, 29 வயதில் 75-ஆம் இடத்துக்கு வந்தார். உனக்கு 24தான். அதற்காக ஆடித்தான் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. விடு என்றும் சொல்லவில்லை. அமெரிக்கக் காலேஜில் படித்துக்கொண்டே ஆடி மேலே வந்த சோம்தேவ் கதையை மட்டும் எடுக்கவே கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், எடுக்கவில்லை.

கை கழுவுகிற இடத்திலும் அந்த மனிதர் விடவில்லை. "சரி சார், ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 61-லும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனாரே, அவர் பையன் ரமேஷ் 1985-ல் 23-ஆம் இடத்தில் இருந்தாரே, விஜய் அமிர்தராஜ் 20-க்குள் வந்தாரே, எல்லாம் நம்ம ஊர்தானே, அப்போ மட்டும் யாரு காசு கொடுத்தா?" சாம்பார் வாளியைவிடக் கனமான ஆள், விவரம் தெரிந்தேதான் என்னைப் பேசவிட்டிருக்கிறார். புல் தரை, மர ராக்கெட், மணிக்கட்டு நளினம் என்று சொல்லிப் பார்த்தேன். பொய்யில்லை. பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு போகிற புல்லில், அப்பாவும் பிள்ளையும் மெதுவான சர்வை வைத்துக்கொண்டே பெரிய ஆட்களைத் திணறடித்தார்கள். அப்புறம் அமெரிக்க ஓபன் 1975-லும் ஆஸ்திரேலிய ஓபன் 1988-லும் புல்லை விட்டுவிட்டன, ராக்கெட் கிராஃபைட் ஆனது, முதல் சர்வ் தப்பினால் போடுகிற செகண்ட் சர்வ் மெதுவாக வந்தால் ஒரு அடி உள்ளே வந்து நின்று அறைகிற தலைமுறை வந்துவிட்டது. இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. சித்தப்பா தாம்பூலப் பையை நீட்டினார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உனக்கு 12 வயது. உன் கோச் சார் என்னை மட்டும் வேலிக்கு இந்தப்பக்கம் கூப்பிட்டார். பையன் தோசைக்கரண்டியைப் பிடிக்கிற மாதிரி பிடித்து சர்வ் போடுகிறான், எதிரில் நிற்பதும் குழந்தை என்பதால் ஜெயிக்கிறான், பிடியை இப்போதே மாற்றியாக வேண்டும், மாற்றினால் ஒரு வருஷம் ரெண்டு சர்வும் தப்பி டபுள் ஃபால்ட்டாகப் போட்டுத் தோற்பான், ரேங்க் போகும், பரவாயில்லை, என்னிடம் விட்டுவிடுங்கள் என்றார். நீ அப்போது அண்டர்-12-ல் ஸ்டேட்டில் முதல் நாலு பேரில் ஒருத்தன். ஆபீசில் நான் சொல்லாத ஆளில்லை. கிருஷ்ணன் என்ன சர்வை வைத்தா அரையிறுதி போனார் என்று அவரிடமே கேட்டேன், நேற்றுதான் டென்னிஸ் பார்க்க ஆரம்பித்த நான். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மாதம் உன்னை வேறு இடத்தில் சேர்த்தேன், சாருக்கு உன்னைப் பார்க்க நேரமில்லையாம் என்று உன்னிடம் சொன்னேன். நீ ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சாருக்கு நேரம் இருந்தது, தம்பி.

அதற்கப்புறம் உயரமாகத் தூக்கிப்போட்டு எதிராளி தப்புப் பண்ணும்வரை காத்திரு என்று வேலிக்கு வெளியிலிருந்து கண்ணால் சாடை காட்டியதும் நான்தான். கோப்பை வந்தது, போட்டோ எடுத்தோம். 17 வயதில் நீயே வீடியோ பார்த்துப் பிடியை மாற்றினாய், ஏன் என்று ஒரு வார்த்தைகூட என்னைக் கேட்கவில்லை. ஆனால் கைக்கு முதலில் கற்றதுதானே நிற்கிறது. லைவ் ஸ்கோரில் உன் சர்வில் 5-5, 30-40 என்று இருந்து அடுத்த நிமிஷம் 5-6 என்று மாறும்போது, அங்கே என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் பார்க்காமலேயே தெரியும். பந்தியில் அரை மணி நேரம் பரீட்சை, விசா, டாலர் என்று அத்தனை பேரையும் குற்றம் சொன்னேன். வேலிக்கு வெளியில் நின்ற அப்பாக்களைப் பற்றி மூச்சு விடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சாரைப் பார்க்கப் போனேன். அதே கோர்ட், அதே பந்துக் கூடை, தலை மட்டும் முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். நான் மன்னிப்புக் கேட்க ஏதோ தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன், அதற்கு இடமே கொடுக்கவில்லை. "பிடி மாறிச்சா?" என்றார். பாதி மாறியிருக்கிறது என்றேன். இந்த வயதில் மீதியையும் மாற்ற முடியுமா என்று கேட்டதற்கு, "நேர்ல போடச் சொல்லிப் பாக்கணும்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. உன் நம்பர் கேட்டார்.

கொடுக்கவில்லை. உன்னைக் கேட்காமல் இந்தத் தடவை எதுவும் செய்வதில்லை என்று இருக்கிறேன். கொடுக்கட்டுமா? 'சரி', 'வேண்டாம்', ரெண்டில் ஒன்று அனுப்பினால் போதும், அதற்கு மேல் எழுத வேண்டாம்.

பணம் மட்டும் கேட்காமல் போட்டுவிட்டேன், நேற்று உன் கணக்கில். டிக்கெட்டுக்கு வைத்துக்கொள், இல்லாவிட்டால் ஸ்ட்ரிங்குக்கு.

அப்பா