டர்போவை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்தால் போதும், பேப்பர்களில் மழைக்காலக் கார் பராமரிப்புக் குறிப்பு வந்துவிடும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள், ஆயிலைப் பாருங்கள், பிரேக்கைப் பாருங்கள். எல்லாம் சரிதான். ஆனால் தண்ணீர் வடிந்து, ஆயிலும் மாற்றி, வண்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்து, சில மாதம் கழித்து பங்குனி வெயிலில் தலைகாட்டுகிற ஒரு கோளாறு இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. தண்டையார்பேட்டையில் கார் வயரிங் வேலை பார்க்கிறவன் நான், அதனால் எழுதுகிறேன்.

டீசல் கார். திடீரென்று இழுவை போய்விடும், இன்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனரை மாட்டினால் ‘யு’ எழுத்தில் தொடங்குகிற ஒரு கோளாறு கோட் வரும், டர்போ ஆக்சுவேட்டருடன் (இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவைக் கட்டுப்படுத்துகிற குட்டி மோட்டார்) தொடர்பு இல்லை என்று. உடனே "ஆக்சுவேட்டர் போச்சு சார், அது தனியா வராது, டர்போவோட சேத்துதான் மாத்தணும்" என்று எஸ்டிமேட் கையில் வந்துவிடும். திருவொற்றியூர்க்காரர் ஒருவர் அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு வண்டியையே தள்ளிவிடலாமா என்று கேட்டுக்கொண்டுதான் என்னிடம் வந்தார்.

அந்தக் கோட் சொல்வது ரொம்பக் குறைவு. இன்ஜின் கம்ப்யூட்டர் கூப்பிட்டது, அந்தப் பக்கம் பதில் இல்லை, அவ்வளவுதான். போன் எடுக்காதவன் செத்துப்போனான் என்று யாராவது முடிவு கட்டுவார்களா? சார்ஜ் இல்லாமல் இருக்கலாம், சிக்னல் இல்லாமல் இருக்கலாம். இந்த வகை ஆக்சுவேட்டருக்கு முக்கியமாக நாலு ஒயர் போகிறது: பேட்டரி கரண்ட், எர்த், அப்புறம் வண்டிக் கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்கிற கேன் ஒயர் இரண்டு, ஒன்றோடொன்று முறுக்கி வரும். இந்த நாலில் எது கெட்டாலும் அதே கோட்தான். கேன் இல்லாத ஆக்சுவேட்டர் வைத்த வண்டிகளும் நிறைய உண்டு, அவற்றில் கோளாறு வேறு கோடாக வரும், அதை விடுங்கள்.

முதலில் எல்லா மாடியூலையும் (பிரேக், ஏர்பேக் என்று ஒவ்வொன்றுக்கும் இருக்கிற குட்டிக் கம்ப்யூட்டர்) ஸ்கேன் செய்ய வேண்டும். ஒன்றை ஒன்று காணோம் என்று பல மாடியூல்கள் புலம்பினால் கோளாறு பொது லைனில் அல்லது பேட்டரி, எர்த்தில். ஆக்சுவேட்டர் மட்டும் காணோம் என்றால் அதற்குப் போகிற கிளை ஒயரிலோ அதற்குள்ளேயோ. பேட்டரி சோர்ந்து ஒருமுறை தள்ளி ஸ்டார்ட் பண்ணியிருந்தால்கூடப் பழைய கோட் தங்கியிருக்கும், அழித்துவிட்டு மறுபடி வருகிறதா என்று பார்க்காமல் பார்ட்டில் கை வைப்பது அநியாயம்.

திருவொற்றியூர் வண்டியில் ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஆக்சுவேட்டர் கனெக்டரில் கரண்ட், எர்த் பின்னில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட்டும் வந்தது. முன்பு பார்த்த ஒர்க் ஷாப்பில் இதை வைத்துத்தான் ஆக்சுவேட்டர் மேல் பழி போட்டிருக்கிறார்கள். மீட்டர் கரண்டே இழுக்காது, ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 காட்டும். அதே இரண்டு பின்னில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வைத்தேன், எரியவில்லை. (கேன் ஒயரில் மட்டும் பல்பைக் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள்.) ஒயரைத் தடவிக்கொண்டே பின்னால் போனால் ஃபியூஸ் பாக்ஸ் பக்கத்தில் ஒரு இடம் தொளதொளவென்று இருந்தது. உற்றுப் பார்த்தால் ஊசி குத்தின ஓட்டை. எப்போதோ யாரோ டெஸ்ட் லாம்ப் முனையால் குத்திப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள், அதற்குள் மழைத்தண்ணீரும் உப்புக்காற்றும் போய், மேல் உறையைக் கீறினால் உள்ளே செம்பு பச்சைக் களிம்பாகி மாவு போலக் கொட்டியது, அரித்துப்போய்ப் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு இழைதான் மிச்சம். கெட்ட இடத்தை வெட்டி, புது ஒயர் சேர்த்து, ஸ்லீவ் போட்டு மூடினோம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளைத் தாண்டி ஓட்டிப் பார்த்தார், இழுவை வந்துவிட்டது.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் பக்கத்தில் நிற்கிற வண்டிக்கு இது சாதாரணம். 2023 டிசம்பர் புயலில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்ததை நாமெல்லாம் பார்த்தோம், வியாசர்பாடி, கொடுங்கையூர்த் தெருக்களில் மழைக்கு மழை தண்ணீர் நிற்கிறது. பேட்டரிக்குக் கீழே இருக்கிற எர்த் போல்ட்டை யாரும் கழற்றித் துடைப்பதில்லை. குடோன் பக்கம் நிறுத்தினால் எலி வேறு.

ஆக்சுவேட்டர் நிஜமாகவே போவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. கரண்ட், எர்த் இரண்டும் லோடு தாங்கி (அதாவது பல்ப் நன்றாக எரிந்து), பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆக்சுவேட்டர் கனெக்டரில் கேன் ஒயர் இரண்டுக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் சுமார் வந்து, இவ்வளவுக்குப் பிறகும் அது பேசவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். 120 வந்தால் பெரும்பாலும் லைன் எங்கோ அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கனெக்டரைப் பிடுங்கியதும் செத்துக் கிடந்த மற்ற மாடியூல்கள் பேச ஆரம்பித்தால் ஆக்சுவேட்டரேதான் குற்றவாளி. புதிதாகப் போட்டாலும் ஸ்கேனரில் அதற்கு அளவு கற்றுக்கொடுக்க வேண்டும், அதையும் பாதிப் பேர் செய்வதில்லை.

இந்த வருஷக் குறிப்பில் இரண்டே இரண்டு கேள்வியைச் சேர்த்துப் போடுங்கள். ஆக்சுவேட்டர் கனெக்டரில் லோடு வைத்துப் பார்த்தீர்களா, கேன் ஒயரில் எத்தனை ஓம் வந்தது. பதிலை எஸ்டிமேட் தாளிலேயே எழுதித் தரச் சொல்லி வண்டிக்காரர்கள் கேட்கட்டும். எழுதித் தர மாட்டேன் என்கிற இடத்தில் வண்டியை விட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கார் எலக்ட்ரீஷியன்,
தண்டையார்பேட்டை