மழைக்கு முன் ஒரு பதில்

பாதுகாக்கப்பட்ட பூங்காக்களில் ஆய்வு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் தவளைகளை ஆராய்பவன். அனுமதி முறையே வேண்டாம் என்று கேட்க இதை எழுதவில்லை. அது ஏன் வேண்டும் என்று எங்கள் துறைக்கு நன்றாகவே தெரியும். 1999-இல் பெயர் சூட்டப்பட்ட ஒரு கைட்ரிட் பூஞ்சை, தவளையின் தோலைத் தாக்கிக் கொல்கிறது. நீர்நில வாழ்விகளில் குறைந்தது 501 இனங்கள் அதனால் நலிந்தன, அவற்றில் 90 அற்றே போயிருக்கலாம் என்கிறது 2019-இல் வந்த ஒரு கணக்கீடு. ஈரமான பூட்ஸிலும் வலையிலும் ஒட்டிக்கொண்டு அது குளம் விட்டுக் குளம் போகும். தவளையைக் காக்கப் போகிறவனே நோயைக் கொண்டுபோய் விட்டுவிடலாம். ஆகவே எத்தனை பேர், எந்த ஓடை, எத்தனை மாதிரி, கருவிகளை எதில் கழுவுவீர்கள் என்று துருவித் துருவிக் கேளுங்கள். சொல்கிறோம்.

என் குறை காலத்தைப் பற்றியது. சில தவளைகள் ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, முதல் பெருமழைக்கு வெளியே வந்து, சில இரவுகளிலேயே கூடி முட்டையிட்டு முடித்துவிடும். ஒருமுறை ஏழு மாதம் முன்பே விண்ணப்பித்தேன். மழை ஓய்ந்து பதினோராம் நாள் கடிதம் வந்தது. அனுமதிதான்! அந்த ஆண்டு இறுதிவரை செல்லுமாம். அடுத்த மழைக்குள் காலாவதி. என்னோடு வேலை செய்த மாணவிக்கு உதவித்தொகையே இரண்டு ஆண்டுதான். அவர் தலைப்பை மாற்றிக்கொண்டார்.

இத்தனை நாளுக்குள் பதில் என்று ஒரு கெடு வையுங்கள். 'முடியாது' என்றாலும் சரி, வேறு இடம் பார்த்துக்கொள்வோம். பதிலே வராமல் இருப்பதுதான் ஆளைக் கொல்கிறது. அப்புறம், மரத்தில் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிவிட்டு வருவதும் விலங்கைப் பிடித்துத் தோல் மாதிரி எடுப்பதும் ஒரே வரிசையில் ஏன் நிற்க வேண்டும்? முன்னதற்குச் சுருக்கமான வழி போதும். அனுமதியும் மூன்று மழைக்காலமாவது செல்லட்டும். ஒரே ஒரு மழையை வைத்துத் தவளை குறைகிறதா கூடுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. அனுமதிக்காக உங்கள் வாசலில் தவம் கிடக்கும் நாங்கள், வேலை முடிந்ததும் அறிக்கை தர மறந்துவிடுகிறோம். எந்தக் குளத்தில் என்ன குறைந்தது என்பது கட்டுரையாக எங்கோ வெளியாகிறது, அந்தக் குளத்தைக் காவல் காக்கும் வனக்காவலருக்குத் தெரிவதில்லை. பழைய அறிக்கை வராமல் புது அனுமதி கிடையாது என்று சொல்லுங்கள், நான் முதல் ஆளாக ஒத்துக்கொள்வேன்.

இந்த ஆண்டு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். கருவிகளைக் கழுவும் முறை மட்டுமே நான்கு பக்கம் இருக்கிறது. படித்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால், மழைக்கு முன் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கள ஆய்வாளன்